கோரிக்கை ஓரிடத்தில், கூட்டம் வேறிடத்தில்: நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவை ஏன் எதிர்க்கிறேன்

சென்னையில் ஒரு கோரிக்கைக்காகக் கூட நினைப்பவர்கள் மனுவோடு காவல் நிலையத்துக்குப் போனால், கோரிக்கையைப் பற்றிய பேச்சைவிட இடத்தைப் பற்றிய பேச்சே நீளமாக இருக்கும். வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை அருகில், எழும்பூர் ராஜரத்தினம் விளையாட்டரங்கம் அருகில், சுவாமி சிவானந்தா சாலை என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில இடங்களைத்தான் போராட்டத்துக்கு உரியவையாகக் காவல் துறை நீண்ட காலமாகக் கருதி வருகிறது. இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை, 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்திலுள்ள 41-ஆவது பிரிவு. அது இன்றைய வடிவில் நீடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எங்கே நின்று பேசுகிறோம் என்பதும் பேச்சின் ஒரு பகுதி. இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை முழுவதுமாக ஓர் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டால், பேச்சிலும் ஒரு பெரும்பகுதியை அவரிடம் ஒப்படைத்துவிட்டோம் என்றே ஆகிறது.

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்தில் வாழும் பெரும்பாலோர் ஒரு போராட்டத்தில் கலந்துகொள்ளும் நாள்வரை இதை அறிந்திருப்பதில்லை. பொது அமைதிக்கும் பொதுப் பாதுகாப்புக்கும் தேவை என்று காவல் ஆணையர் கருதினால், கூட்டம், ஊர்வலம், ஆர்ப்பாட்டம் ஆகியவற்றைத் தடைசெய்து அவர் உத்தரவிடலாம். அந்த உத்தரவு அரசின் ஒப்புதல் இல்லாமல் 15 நாட்களுக்கு மேல் செல்லாது. கூட்டம் நடத்த விரும்புவோர் ஐந்து நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். ஏட்டில் படிக்கும்போது இது ஒரு தற்காலிக, நெருக்கடிக் கால அதிகாரம் போலத் தோன்றும். நடப்பு வேறு. ஒரு 15 நாள் முடிந்ததும் அடுத்த 15 நாளுக்கு உத்தரவு வெளியாகிறது. உண்ணாவிரதம், மனிதச் சங்கிலி, பேரணி, பொதுக்கூட்டம் என்ற அதே வரிசை, அதே சொற்கள், தேதி மட்டும் புதிது. நகரம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் தடை என்பதே இயல்பு நிலையாகவும், அனுமதி என்பது கருணையோடு வழங்கப்படும் விதிவிலக்காகவும் ஆகிவிட்டது. அரசமைப்பின் 19-ஆவது பிரிவோ இதற்கு நேர் எதிரான வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது: ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது குடிமக்களின் உரிமை, அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிப்பது அரசுக்கு உள்ள விலக்கு, அந்தக் கட்டுப்பாட்டுக்கும் நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு அல்லது பொது ஒழுங்கு காரணமாக இருக்க வேண்டும். வாகன நெரிசல் அந்தக் காரணங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

ஜம்மு காஷ்மீர் இணையத் தடை தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒன்றை இங்கே நினைவூட்ட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவின் கீழ் திரும்பத் திரும்ப ஒரே தடையுத்தரவைப் பிறப்பித்துக்கொண்டே போவது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்றும், நியாயமான கருத்து வெளிப்பாட்டை அடக்க அந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. அது வேறொரு சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு என்று அரசுத் தரப்பு சொல்லலாம். ஆனால் அதிலுள்ள தருக்கம் 41-ஆவது பிரிவுக்கும் அப்படியே பொருந்துகிறது. 15 நாள் என்று சட்டமியற்றியவர்கள் வரம்பு வைத்ததற்கு ஒரு நோக்கம் இருந்திருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் புதுப்பிக்கப்படும் வரம்பு வரம்பே ஆகாது.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு நடந்ததைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்தும், பணி நிரந்தரம் கோரியும் தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் மாநகராட்சியின் தலைமையகத்துக்கு வெளியே நடைபாதையில் அமர்ந்தார்கள். அவர்களில் பெண்கள் மிகுதி. மழையிலும் வெயிலிலும் இரவு பகலாக அங்கேயே இருந்தார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருந்ததும், அவர்களுடைய வேலையைத் தனியாருக்குக் கைமாற்றத் தீர்மானித்ததும் அந்தக் கட்டடத்துக்குள் இயங்கும் நிர்வாகம்தான். மேயரும் ஆணையரும் மாமன்ற உறுப்பினர்களும் அந்த வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும். நடைபாதையும் சாலையும் மறிக்கப்படுகின்றன என்று தொடரப்பட்ட வழக்கில், அனுமதி இல்லாத இடத்தில் போராட்டம் நடத்த முடியாது, சட்டப்படி அப்புறப்படுத்தலாம், அனுமதி பெற்று உரிய இடத்தில் நடத்திக்கொள்ளலாம் என்று உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 13-ஆம் தேதி உத்தரவிட்டது. அன்று நள்ளிரவை ஒட்டிக் காவல் துறை அவர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றியது.

உரிய இடத்தில் நடத்திக்கொள்ளுங்கள் என்பது கேட்பதற்குப் பெருந்தன்மையான வாசகம். உரிய இடம் என்று சொல்லப்படும் வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கத்தில், ரிப்பன் மாளிகையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே தூய்மைப் பணியாளர்கள் நூறு நாள் அமர்ந்திருந்தாலும் மாநகராட்சியின் ஓர் அதிகாரிகூட அவர்களுடைய முகத்தைப் பார்க்க நேராது. முதலாளி ஒரு பக்கம், தொழிலாளி முழக்கமிடுவது மறுபக்கம் என்றால், அந்த முழக்கம் யாருக்கு? வழியே போகும் பேருந்துப் பயணிகளுக்கும், பாதுகாப்புக்கு நிற்கும் காவலர்களுக்கும் மட்டும் கேட்கும். பதின்மூன்று நாட்கள் தமிழ்நாடு முழுவதும் தூய்மைப் பணியாளர்களின் ஊதியத்தையும் ஒப்பந்த முறையையும் பற்றிப் பேசியதற்குக் காரணம், அவர்கள் இருந்த இடம். அந்த வெள்ளைக் கட்டடமும் அதன் வாசலில் அமர்ந்த பணிச் சீருடைகளும் ஒரே படத்தில் தெரிந்ததால்தான் எவரும் விளக்கம் சொல்லாமலே பிரச்சினை என்னவென்று எல்லோருக்கும் புரிந்தது.

ஆசிரியர்களுக்கும் இதே கதைதான். 2009 ஜூன் மாதத்துக்குப் பிறகு பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு 2018-இலும் 2023-இலும் நுங்கம்பாக்கத்தில் உள்ள டிபிஐ வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். பள்ளிக் கல்வித் துறையின் இயக்ககங்கள் அங்கே இருக்கின்றன. ஊதியக் கோப்புகள் அங்கேதான் நகர வேண்டும் அல்லது நகராமல் கிடக்க வேண்டும். 2023 அக்டோபரில் அவர்களும் காவல் துறையால் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள்.

சென்னையின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், இந்நகரில் நடந்த போராட்டங்களின் பெயரே பெரும்பாலும் இடத்தின் பெயராக இருப்பதைக் காணலாம். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய கர்னல் நீல் என்பவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927-இல் அந்தச் சிலையை அகற்றக் கோரித் தொண்டர்கள் சிலையின் அடியிலேயே சத்தியாகிரகம் செய்து அணி அணியாகக் கைதானார்கள். பத்தாண்டு கழித்து, 1937-இல், ராஜாஜி அமைச்சரவையின் காலத்தில்தான் சிலை அங்கிருந்து அகற்றப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்தவர்கள் இந்து தியாலஜிகல் பள்ளியின் முன் மறியல் செய்தார்கள், ஏனென்றால் இந்தி கற்பிக்கப்படவிருந்த இடம் பள்ளிக்கூடம். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று உயிரிழந்த நடராசனும் தாளமுத்துவும் இன்று அரசால் போற்றப்படுகிறார்கள். வைக்கத்திலோ நடக்க உரிமை மறுக்கப்பட்ட வீதிதான் சத்தியாகிரகத்தின் களம். அந்த வீதியைத் தவிர வேறெங்கே வேண்டுமானாலும் போய் உட்காருங்கள் என்று சொல்லியிருந்தால் அந்தப் போராட்டத்துக்கு உயிரே இருந்திருக்காது. இந்தப் போராட்டங்களையெல்லாம் நூற்றாண்டு விழா எடுத்துக் கொண்டாடுகிற ஆட்சிகள், அதே முறையில் இன்று ஒருவர் ஓர் அலுவலக வாசலில் அமர்ந்தால் அனுமதிச் சீட்டு கேட்கின்றன.

மெரினாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், அது இந்த நகரத்தின் மிகப் பழைய பொதுமேடை என்பதால். 1907-இல் விபின் சந்திர பாலர் இந்தக் கடற்கரையில் பேசினார். அவரை வரவழைத்ததில் பாரதிக்குப் பங்கு உண்டு. மாநிலக் கல்லூரிக்கு எதிரே உள்ள மணல்வெளி திலகர் திடல் என்று பெயர் பெற்றதே அங்கே கூடிய கூட்டங்களால்தான். 1923 மே 1 அன்று ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியது இந்நகரத்தின் கடற்கரையில். ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் அங்கே நிற்கிறது, நான்கு தொழிலாளர்கள் ஒரு பாறையைப் புரட்டுகிற தோற்றத்தோடு. அந்தச் சிலையின் நிழலில் இன்று நான்கு தொழிலாளர்கள் ஒரு பதாகையோடு நின்றால் காவல் வாகனம் வந்துவிடும்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்களும் இளைஞர்களும் மெரினாவில் கூடியபோது அதன் அமைதியையும் ஒழுங்கையும் நாடே வியந்தது. ஜனவரி 17 அன்று தொடங்கிய அந்தக் கூடுகை, 23-ஆம் தேதி காவல் துறை கலைக்க முற்பட்டபோது வன்முறையில் முடிந்தது. அதன்பின் மெரினா போராட்டத்துக்கு மூடப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், ஈழத்தில் கொல்லப்பட்டவர்களுக்காகக் கடற்கரையில் நினைவேந்தல் நடத்த முயன்ற மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தியும் மேலும் மூவரும் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள்; செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதற்கும் குண்டர் சட்டத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டுமோ, அந்தத் தூரம் இடத்தடை என்ற ஒன்றால் சில நாட்களில் கடக்கப்பட்டுவிட்டது. 2018-இல் காவிரிப் பிரச்சினைக்காக மெரினாவில் 90 நாள் போராட்டம் நடத்த விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு அனுமதி கேட்டார். தனி நீதிபதி ஒரு நாளுக்கு அனுமதித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. இரு நீதிபதிகள் அமர்வு அந்த ஒரு நாளையும் முதலில் நிறுத்திவைத்து, செப்டம்பரில் ரத்தும் செய்தது. கடற்கரை மக்கள் காற்று வாங்கும் இடம், அங்கே போராட்டம் கூடாது என்கிறார்கள். அரசியல் தலைவர்களின் நினைவிடங்களையும் அரசு விழாக்களையும் லட்சக்கணக்கானோர் திரளும் விமான சாகச நிகழ்ச்சியையும் தாங்கிக்கொள்கிற மணல்வெளி, விவசாயிகளின் ஒரு நாள் உண்ணாவிரதத்தைத் தாங்காது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டம் அரசின் பக்கம்தானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முழுவதும் அப்படி இல்லை. அகமதாபாத்தில் மாணவர் அமைப்பு ஒன்றின் சார்பில் பொதுக்கூட்டம் நடத்த அனுமதி மறுக்கப்பட்ட ஹிம்மத்லால் ஷா தொடுத்த வழக்கில், 1972-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பொது இடங்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் எல்லாத் தெருக்களிலும் எல்லாப் பொது இடங்களிலும் கூடுவதைத் தடைசெய்து அந்த உரிமையையே பறிக்க முடியாது. எந்த அடிப்படையில் அனுமதி தரலாம், எந்த அடிப்படையில் மறுக்கலாம் என்று வழிகாட்டாமல் அதிகாரியின் விருப்பத்துக்கு விடுகிற விதி செல்லாது என்று சொல்லி, பம்பாய்க் காவல் சட்டத்தின் கீழ் இருந்த விதியை அந்த அமர்வு ரத்து செய்தது. நீதிபதி மேத்யூ தன் தனித் தீர்ப்பில், கருத்துச் சொல்வதற்குப் பொது வீதிகள்தாம் இயல்பான இடங்கள் என்றும், சிலருக்கு அவற்றைவிட்டால் வேறு களமே கிடையாது என்றும் கருத்துப்பட எழுதினார். தொலைக்காட்சி விவாதத்தில் நாற்காலி கிடைக்காதவர்களுக்கும், நாளேட்டில் விளம்பரம் தர இயலாதவர்களுக்கும், சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைய முடியாதவர்களுக்கும் தெருவைத் தவிர வேறென்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இதுவரை எனக்கு எவரும் பதில் சொன்னதில்லை.

இதற்கு எதிராக எப்போதும் நீட்டப்படுவது டெல்லியின் ஷாஹீன் பாக் போராட்டம் தொடர்பான வழக்கின் தீர்ப்பு. சாலைகளைக் காலவரையின்றி ஆக்கிரமிக்க முடியாது, எதிர்ப்பைக் காட்டும் ஆர்ப்பாட்டங்கள் அதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே நடக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. அதைச் சொன்னது மூன்று நீதிபதிகள் அமர்வு. ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்த கோட்பாட்டை மூவர் அமர்வு மாற்றிவிட முடியாது என்பது நம் நீதிமன்றங்களின் அடிப்படை ஒழுங்கு. மேலும் அந்த வழக்கின் பிரச்சினை, ஒரு முக்கியச் சாலை மாதக்கணக்கில் மறிக்கப்பட்டது என்பது. அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைப் பெயர்த்தெடுத்து, ஓர் அலுவலகத்தின் முன் நடைபாதையில் இரண்டு மணி நேரம் நிற்பவர்களுக்கும் பொருத்துவது அந்தத் தீர்ப்புக்கே நியாயம் செய்வதாகாது.

போக்குவரத்து நெரிசலை நான் அற்பமாகக் கருதவில்லை. அவசர ஊர்தி நிற்கக் கூடாது, தேர்வுக்குப் போகும் பிள்ளை தாமதமாகக் கூடாது, கூலி வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போகக் கூடாது. ஆனால் இவற்றைக் காப்பதற்கு ஒரு பாதையைத் திறந்து வைப்பதும், நேரத்தை ஒழுங்கு செய்வதும், நடைபாதையில் கயிறு கட்டுவதும் போதும். நம் நகரங்கள் திருவிழாக்களுக்கும், தலைவர்களின் வருகைக்கும், கட்சி மாநாடுகளுக்கும், மாரத்தான் ஓட்டங்களுக்கும் சாலையை அடைத்து மாற்றுப் பாதை அறிவிப்பதில் தேர்ந்தவை. அந்தத் திறமை போராடுகிறவர்களுக்கு மட்டும் கிடைக்காமல் போவதற்கு நெரிசல் காரணமாக இருக்க முடியாது.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு, கூட்டங்களுக்குக் கடுமையான விதிமுறை வேண்டும் என்ற குரல் ஓங்கியிருக்கிறது. வேண்டும்தான். எத்தனை பேர் வருவார்கள், குடிநீர் எங்கே, வெளியேறும் வழி எது, மருத்துவ உதவி எது என்று பெருங்கூட்டம் நடத்துகிறவர்களைக் கேட்டாக வேண்டும். எனினும் அந்தத் துயரத்தைக் காரணமாகக் காட்டி ஐம்பது பேர் கூடும் ஆர்ப்பாட்டத்தையும் அதே விதிக்குள் அடைத்தால், பாதுகாப்பின் பெயரால் வாய் பூட்டப்படும். ஒரு நட்சத்திரத் தலைவரைக் காண லட்சம் பேர் திரளும் கூட்டமும், பணிநீக்கம் செய்யப்பட்ட முப்பது செவிலியர்கள் ஒரு வாசலில் நிற்பதும் ஆபத்தின் அளவில் ஒன்றல்ல. விதி எழுதுகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து எழுத வேண்டும்.

இடத்தை அனுமதிக்கு உட்படுத்தும் சட்டத்தின் சுமை எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. கடைசி நேரத்தில் அனுமதி மறுக்கப்பட்டால் வழக்கறிஞரை வைத்து அன்றைக்கே உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யக்கூடிய அமைப்புகள் உண்டு. ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் ஊர்வலங்களுக்கு 2022-இல் தமிழக அரசு அனுமதி மறுத்தபோது அவர்கள் தனி நீதிபதி, அமர்வு, உச்ச நீதிமன்றம் என்று சென்று 2023 ஏப்ரலில் வென்றார்கள். அவர்களுடைய கொள்கையோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. ஆனால் அவர்கள் அமைதியாக நடக்கும் உரிமையை நீதிமன்றம் காத்தது சரி. அந்த நெடிய பாதையில் ஒரு வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கமோ, குடிசைமாற்றுப் பகுதிக்குத் துரத்தப்பட்ட குடும்பங்களோ நடக்க முடியுமா? அவர்களுக்கு மறுப்புக் கடிதம் கிடைத்த அன்றே போராட்டம் முடிந்துவிடுகிறது. பல வேளைகளில் கடிதமே கிடைக்காது, வாய்மொழியாக ஒரு மறுப்புதான்.

அனுமதி இல்லாமல் கூடினால் என்ன நடக்கும் என்பது கூடியவர்களுக்குத் தெரியும். கைது, பேருந்து, ஏதாவது ஒரு திருமண மண்டபம், மதியம் ஒரு பொட்டலம் சோறு, மாலையில் விடுதலை. மண்டபத்தில் பாட்டுப் பாடிப் பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்பலாம் என்று மூத்த தோழர்கள் தைரியம் சொல்வார்கள். வழக்கு மட்டும் வீட்டுக்குப் போகாது. சட்டவிரோதக் கூடுகை, அரசு ஊழியரின் உத்தரவை மீறல் என்று பதிவாகும் முதல் தகவல் அறிக்கை பல ஆண்டுகள் கழித்துக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும், அரசு வேலைக்கான காவல் சரிபார்ப்பின்போதும் தலைகாட்டும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவின் கீழ் காவல் துறை தானே வழக்குப் பதிய முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும் என்று 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, அமைதியாகக் கூடியவர்கள் மீதான பல வழக்குகளை ரத்து செய்தது. அதன் பிறகும் ஒவ்வொருவரும் தனித்தனியே நீதிமன்றம் போய்த்தான் தன் பெயரை நீக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர் இந்தப் பயத்தாலேயே ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதைக் கணக்கெடுக்க எந்த ஏடும் கிடையாது.

மற்ற நகரங்களும் இதே திசையில் போகின்றன என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை, அச்சம் தருகிறது. பெங்களூருவில் 2021-ஆம் ஆண்டின் ஓர் உத்தரவுப்படி ஆர்ப்பாட்டம் ஃப்ரீடம் பார்க்கில் மட்டுமே நடத்தப்பட வேண்டும். அந்தப் பூங்கா பழைய மத்தியச் சிறை. நெருக்கடி நிலைக் காலத்தில் வாஜ்பாயும் அத்வானியும் அடைக்கப்பட்டிருந்த இடம். டெல்லியில் ஜந்தர் மந்தரில் போராட்டத்துக்கு 2017 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தபோது, மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. 2018 ஜூலையில் வந்த தீர்ப்பு முழுத் தடையை ஏற்காமல், அங்கே குடியிருப்போரின் நலனையும் போராடுவோரின் உரிமையையும் சேர்த்துப் பார்த்து விதிமுறை வகுக்கச் சொன்னது. லண்டனில் நாடாளுமன்றத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் முன் அனுமதி இல்லாமல் ஒருவர் தனியே நின்றாலும் குற்றம் என்று 2005-இல் சட்டம் வந்தது. ஈராக் போரில் இறந்தவர்களின் பெயர்களைப் போர் நினைவுச் சின்னத்தின் அருகே வாசித்த பெண் ஒருவர் அதன் கீழ் தண்டிக்கப்பட்டார். அந்தப் பிரிவுகளை 2011-ஆம் ஆண்டின் சட்டம் நீக்கியது. வேறு கட்டுப்பாடுகள் அங்கே பின்னர் வந்தன என்றாலும், இடத்தைக் குற்றமாக்கிய ஒரு சட்டத்தை நாடாளுமன்றமே திரும்பப் பெற்றது நமக்கும் முன்னுதாரணம்.

அப்படியானால் எதைக் கேட்கிறேன்? கட்டுப்பாடே வேண்டாம் என்று கேட்கவில்லை. அனுமதி முறையை நீக்கித் தகவல் தெரிவிக்கும் முறையைக் கொண்டுவர வேண்டும்: கூட்டம் நடத்துவோர் இரண்டு நாட்களுக்கு முன் காவல் நிலையத்துக்கு இடம், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுத்தில் தெரிவிப்பார்கள், காவல் துறை பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யும். மாற்ற வேண்டிய காரணம் இருந்தால் அதை எழுத்தில், மேல்முறையீட்டுக்கு நேரம் இருக்கும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று கொள்ள வேண்டும். இடத்தை மாற்றினாலும் யாரை நோக்கிக் குரல் எழுப்பப்படுகிறதோ அவர்களுடைய கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே மாற்று இடம் தர வேண்டும். என் பார்வையில் இந்த ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும்விட முதன்மையானது. ஒரு துப்பாக்கிச் சூடோ, காவல் நிலைய மரணமோ நடந்த அன்றே மக்கள் தெருவுக்கு வருவார்கள். அவர்களிடம் ஐந்து நாள் முன்னறிவிப்பு கேட்பதில் பொருளில்லை என்பதால் உடனடிக் கூடுகைகளுக்கு விலக்கு வேண்டும். 15 நாள் உத்தரவு, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட ஆபத்து இருப்பதாகக் காரணம் காட்டினால் மட்டும் பிறப்பிக்கப்பட வேண்டும், காரணம் மாறாமல் புதுப்பிக்கப்படக் கூடாது.

இவற்றைச் செய்ய அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 41-ஆவது பிரிவு மாநிலச் சட்டம். சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா போதும். மதுரைக்கும் கோவைக்கும் இதே சட்டம் விரிக்கப்பட்டிருப்பதால் பலன் சென்னையோடு நிற்காது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது இந்தப் பிரிவின் கீழ் கைதாகி மண்டபத்தில் அமர்ந்தவர்களே ஆளுங்கட்சியானதும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், இதை ஒரு கட்சிக்கு எதிரான கோரிக்கையாக நான் வைக்கவில்லை. மேலே சொன்ன திருத்தங்களைக் கோரிக்கைகளாக எழுதி என் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் உள்துறைச் செயலாளருக்கும் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்களும் எழுதுங்கள்; சங்கத்தில் இருப்பவர்கள் சங்கத்தின் பெயரில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள்; அடுத்த முறை உங்கள் மனு மறுக்கப்படும்போது வாய்மொழி மறுப்பை ஏற்றுத் திரும்பாமல், எந்த விதியின் கீழ், எந்தக் காரணத்துக்காக என்று எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதங்கள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் இந்தப் பிரிவு எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு ஆவணம் கிடைக்கும்.